இடவொட்டு பற்றிய நாற்பத்து மூன்று பக்கங்கள்

தீ எச்சரிக்கை மணி அலறியபோது மண்டபத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். வாசலை நோக்கி ஓடியவள் தவமலர் ஒருத்திதான்.

படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மேடையில் எரிந்த அகல் விளக்குப் புகைந்து, கூரையில் இருந்த கருவி சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மற்ற இருபத்தொரு பேரும் அப்படியே நின்றார்கள், ஆண்கள் வேட்டியும் இடுப்புக் கச்சையுமாக வரிசையில். அவளுடைய கணவர் கிருஷ்ணராசாவும் அந்த வரிசையில் நின்றார்.

“இஞ்சேருங்கோ, வெளியில வாங்கோ. காது கேக்கேல்லையே?”

“கேக்குது” என்றார் அவர், உதட்டை அசைக்காமல். “ஆனா கேக்கக் கூடாது.”

லண்டன் சோழர் கால வாழ்வியல் கழகத்தின் உறுப்பினர்கள் வார நாட்களில் கணக்காளர்களாகவும் மென்பொருள் பொறியாளர்களாகவும் கவுன்சில் அலுவலர்களாகவும் இருப்பார்கள். சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் சங்கு ஊதியதும் கி.பி. 1025க்குப் போய்விடுவார்கள். அந்த ஆண்டில் தீ எச்சரிக்கை மணி இருந்ததாகக் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆகையால், விதி பதினேழின்படி, அது ஒலித்தால் உறுப்பினர் எவருக்கும் கேட்கக் கூடாது.

மண்டபக் காவலர் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு வந்து மணியை நிறுத்தினார். அவரையும் யாரும் பார்க்கவில்லை. அவர் பழகியவர். வந்த வழியே போய்விட்டார்.

அன்று ஆடைச் சோதனை. அடுத்த சனிக்கிழமை குட்மேய்ஸ் பக்கத்து மைதானம் ஒன்றில் இடைக்கால வரலாற்று நாள். வெள்ளைக்காரர்களின் கவச வீரர் கழகங்களும் வில்லாளர் கழகங்களும் கூடாரம் அடிக்கும் அந்த விழாவுக்குச் சோழர்களையும் முதல் தடவையாக அழைத்திருந்தார்கள். ஊர்வலத்தின் முன்னால் புலிக்கொடி பிடித்து நடக்கும் பொறுப்பு கிருஷ்ணராசாவுக்குக் கிடைத்திருந்தது.

இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர் அவர். தை மாதம் ஓய்வு பெற்றார். அதன் பிறகு வால்தம்ஸ்டோ வீட்டு யன்னலோரம் கதிரையைப் போட்டு, வீதியில் போகும் பஸ்களுக்கு நேரம் பார்ப்பதே வேலையாக இருந்தது. “நாலு நிமிசம் லேட்” என்பார். காலையில் சொல்லும் அந்த வசனத்துக்கும் மாலையில் சொல்லும் அதே வசனத்துக்கும் நடுவில் வேறு பேச்சு இருக்காது. கொடி பிடிக்கச் சொன்ன நாளிலிருந்து தும்புத்தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரவேற்பறையில் நடந்து பழகினார். யன்னலோரக் கதிரை காலியாகக் கிடந்தது. அது காலியாகவே கிடக்க வேண்டும் என்பதுதான் தவமலரின் ஒரே விருப்பம்.

அதனால் கச்சையை அவளே தைத்தாள். சந்தைக்குப் பக்கத்தில் அவளுக்கொரு தையல் கடை உண்டு. நல்ல சிவப்புப் பருத்தியில் மூன்று மீட்டரை முழுசாக வெட்டி, விளிம்பை மடித்துக் கையாலேயே தைத்திருந்தாள்.

சோதிக்க வந்தவர் ஆதாரக் குழுத் தலைவர் டாக்டர் ஜம்புநாதன். ஹாரோவில் பல் வைத்தியர். சொந்த ஊர் கும்பகோணம். 1025இல் மூக்குக் கண்ணாடி கிடையாது என்பதால் அதைக் கழற்றி வைத்திருந்தார். துணியை மூக்குக்குக் கிட்டே பிடித்து, விரலால் இரண்டு தடவை தடவிவிட்டு, “இடவொட்டு இல்ல” என்றார்.

“இடவொட்டு இல்லை” என்று செயலாளர் பிறேமினி எழுதிக்கொண்டாள். எழுத வேண்டியிருப்பதால் அவளுக்குக் கழகம் கால விலக்கு அளித்திருந்தது. மண்டபத்தில் கண்ணாடியும் பேனையும் வைத்திருக்க அவளுக்கு மட்டுமே அனுமதி.

“அதென்ன டாக்டர் இடவொட்டு?” என்று தவமலர் கேட்டாள்.

வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சோழர் போர்க்கச்சையில இடது இடுப்பு வர்ற எடத்துல வேற துணியில நாலு விரல் அகலத்துக்கு ஓர் ஒட்டு இருக்கும்மா. வாள் பிடி உரசுற எடம். நாற்பத்து மூணு பக்கத்துல நானே ஆய்வு எழுதியிருக்கேன். அது இல்லாத கச்சையைக் கட்டிக்கிட்டு நடந்தா சரித்திரத்துக்குத் துரோகம்.”

“வாள் உரசுறதில்லை” என்றார் வரிசையிலிருந்து இராஜேந்திரன். “அது படைப்பிரிவு அடையாளம்.”

கழகத்தில் இரண்டு அணிகள் இருந்தன. வாள் அணிக்கு ஜம்புநாதன் தலைவர். படைப்பிரிவு அணிக்கு இராஜேந்திரன். பதினொரு வருடமாக இருவரும் மாறி மாறிக் கட்டுரை எழுதினார்கள். ஜம்புநாதன் தன் அடிக்குறிப்பில் இராஜேந்திரனைச் சான்று காட்டுவார். இராஜேந்திரன் தன் அடிக்குறிப்பில் ஜம்புநாதனைச் சான்று காட்டுவார். எல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள் அடிக்குறிப்பில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

“அந்த ஆய்வை ஒருக்கால் பாக்கலாமே டாக்டர்? பாத்தா அதுமாதிரியே தைச்சுக் கொண்டு வந்திடுவன்.”

ஜம்புநாதனின் முகம் மலர்ந்தது. “ஆய்வைப் பகிர்ந்துக்கிறதுதாம்மா நம்ம கழகத்தோட உயிரே. நாங்க எதையும் ஒளிக்கிறதில்ல. பூட்டி வச்சிருக்கிற எல்லாத்துக்கும் பட்டியல் இருக்கு.”

“அப்ப பட்டியலைப் பாக்கலாமே?”

“தாராளமா. அதுவும் அலமாரியிலதான் இருக்கு.”

“அலமாரியைத் திறக்கிறதுக்கு?”

“முழு உறுப்பினரா இருக்கணும்.”

“இவர் உறுப்பினர்தானே?”

“உடை தேறினாத்தான் முழு உறுப்பினர். உடை தேற ஆதாரம் வேணும்.”

“அந்த ஆதாரம் அலமாரிக்குள்ள.”

“பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டீங்க” என்று பாராட்டிவிட்டு அவர் அடுத்தவருடைய செருப்புக்குப் போனார்.

பிக்கடிலி ரயிலில் இருவரும் வீடு திரும்பினார்கள். கிருஷ்ணராசா கச்சையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

“வட்ஸ்அப்பில ஒரு குழு இருக்கெண்டு சொன்னனீங்களே?” என்றாள் தவமலர்.

“ஓம். ‘ஆய்வுப் பகிர்வு’. அதில தலைவர்மார் மட்டும்தான் எழுதலாம்.”

“அவையள் என்ன எழுதியிருக்கினம்?”

அவர் போனை நீட்டினார். குழுவில் ஒரேயொரு செய்தி இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தையது. ‘உறுப்பினர்கள் இங்கே எதையும் பகிர முயல வேண்டாம்.’

குழுவின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு படம் தெரிந்தது. தவமலர் அதை விரலால் பெரிதாக்கினாள். சிவப்புக் கச்சை, அதன் நடுவில் அரக்கு நிறத்தில் ஒரு துண்டு, துண்டின் குறுக்கே மெல்லிய மஞ்சள் கோடு. படத்துக்குக் கீழே ‘இடவொட்டு, முதல் மாதிரி’ என்று எழுதியிருந்தது.

ஃபின்ஸ்பரி பார்க்கில் ரயில் மாற வேண்டும். கதவு திறந்து மூடியது. அவள் எழும்பவில்லை.

“என்ன மலர்? இறங்கேல்லையே?”

“இது என்ர சட்டைத் துணியப்பா.”

பதினான்கு வருடத்துக்கு முன்பு, கழகம் தொடங்கிய காலம். அப்போதைய செயலாளர் ஒருவர், இப்போது கனடாவில் இருப்பவர், ஒரு பையைக் கடையில் கொண்டுவந்து போட்டார். உள்ளே சிவப்புத் துணியும் ஒரு சீட்டும் இருந்தன. ‘ஆறு கச்சை. மும்மூன்று மீட்டர். வெள்ளி காலை வேண்டும்.’ அளந்து பார்த்தாள். மொத்தத்தில் அரை மீட்டர் குறைந்தது. வியாழன் பின்னேரம் அந்தச் சிவப்பை எங்கே தேடுவது? ஒருவருக்கு மட்டும் கட்டையாக வந்தால் பாவம் என்று குறையை ஆறாகப் பங்கிட்டாள். கழித்துப் போட்டிருந்த தன் சட்டையை வெட்டி, நாலு விரல் அகலத் துண்டுகளாக்கி, தொங்கும் கை மறைக்கும் இடமாகப் பார்த்து இடது இடுப்பில் ஒட்டுப் போட்டாள். அதோடு மறந்தும் போனாள்.

அந்தச் சட்டையின் மிச்சம் இன்னும் கடைத் துண்டுப் பையில் கிடந்தது. வியாழக்கிழமை நடந்த ஆதாரக் குழு விசாரணைக்கு அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

விஷயத்தைச் சொல்லி முடித்தாள். முதலில் பேசியவர் இராஜேந்திரன்.

“நான் அண்டைக்கே சொன்னனான். வாளாவது உரசுறதாவது. டாக்டரின்ர நாற்பத்து மூண்டு பக்கமும் போச்சு.”

“உங்கட முப்பத்தெட்டுப் பக்கமும் போச்சு அண்ணை” என்றாள் பிறேமினி, எழுதுவதை நிறுத்தாமல்.

இராஜேந்திரன் யோசித்தார். யோசித்துவிட்டுத் தன் கதிரையை ஜம்புநாதன் பக்கம் இரண்டடி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

“துணி குறைஞ்சதாலதான் ஒட்டு” என்றாள் தவமலர். “இவரின்ர கச்சைக்குத் துணி காணும். அதால ஒட்டில்லை. இவ்வளவுதான் கதை. இவரை நடக்க விடுங்கோ. அதுசரி, அண்டைக்கு அந்தத் துணியை வாங்கினது ஆர்? அவரைக் கேட்டா அவரே சொல்லுவார்தானே.”

ஜம்புநாதன் தண்ணீர்ச் செம்பை எடுத்து நிதானமாகக் குடித்தார். செம்பில் தண்ணீர் இருக்கவில்லை என்பதைப் பிறேமினி பார்த்தாள். அதற்கு நடவடிக்கைக் குறிப்பில் இடம் இல்லாததால் எழுதவில்லை.

“பொருத்தமில்லாத கேள்வி” என்றார் அவர், செம்பை வைத்துவிட்டு. “ஆனா அம்மா ஒரு பெரிய உண்மையைச் சொல்லியிருக்காங்க. நாம இத்தனை வருஷமா ஆதாரத்தைப் புத்தகத்துல தேடினோம். ஆதாரம் வால்தம்ஸ்டோல தையல் கடை வச்சிருக்கு. இடவொட்டுக்கு இவங்களைவிடப் பழைய சான்று உலகத்துல கிடையாது. ஆகையினால இவங்களை மூலச் சான்று எண் ஒண்ணுன்னு பதிவு செய்யணும்னு முன்மொழிகிறேன்.”

“வழிமொழிகிறேன்” என்றார் இராஜேந்திரன். பதினொரு வருடத்தில் இருவரும் சேர்ந்து நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. உறுப்பினர்கள் கை தட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது.

“நான் சாட்சி சொல்ல வந்தனான்” என்றாள் தவமலர்.

“இனிமே நீங்க பேசக் கூடாதும்மா” என்றார் ஜம்புநாதன் மென்மையாக. “சான்று தன்னைத்தானே விளக்கிக்கிட்டா ஆய்வாளருக்கு என்ன வேலை? கல்வெட்டு என்னிக்காவது வாயைத் திறந்து, ‘இல்லைங்க, நான் அந்த அர்த்தத்துல வெட்டப்படலை’ன்னு சொல்லியிருக்கா? அதனாலதான் அதுக்கு இவ்வளவு மரியாதை.”

பிறேமினி எழும்பி வந்து, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு, ‘மூ.சா. 1’ என்று எழுதிய சின்ன அட்டையைத் தவமலரின் கம்பளிச் சட்டையில் நூலால் கட்டிவிட்டாள். சான்றோடு உறுப்பினர் யாரும் இரண்டு சாட்சிகள் இல்லாமல் பேசக் கூடாது என்றும், சான்றை நேரடி வெயிலில் வைக்கக் கூடாது என்றும் உப விதிகள் நிறைவேறின.

“சான்று இப்ப கணவரோட ஒரே வீட்டுல இருக்கு” என்று யாரோ எழுப்பிய பிரச்சினை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

“அப்ப இவரின்ர கச்சை?” என்று தவமலர் கேட்டாள். பேச்சு பதிவாகவில்லை. கிருஷ்ணராசா அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்.

“மூலச் சான்றின் கையால தைச்ச பொருள் சார். அதை உடுத்தலாமா? கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். சனிக்கிழமை மைதானத்துல காட்சிக்கு வைப்போம். உங்களுக்குத்தான் எவ்வளவு பெருமை.”

“கொடியை ஆர் பிடிக்கிறது?”

“தேறின கச்சை இருக்கிறவங்க யாராவது பிடிப்பாங்க.”

வெள்ளிக்கிழமை முழுவதும் கிருஷ்ணராசா யன்னலோரக் கதிரையில் இருந்தார். பஸ்கள் எத்தனை நிமிடம் பிந்தின என்றுகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மைதானத்தில் நல்ல வெயில். ஊர்வலம் பதினொரு மணிக்கு. சோழர் கூடாரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. 1025இல் இல்லாதவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். தவமலர் அட்டையோடு வெளியே நின்றாள். பக்கத்தில் கிருஷ்ணராசா வேட்டியும் வெறும் இடுப்புமாக நின்றார். கயிற்றுக்கு உள்ளே, மேசைமேல் கண்ணாடிப் பெட்டியில், அவருடைய கச்சை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த கூடாரத்து ஆங்கிலேயர் ஒருவர் இரும்புச் சங்கிலிக் கவசத்தோடு வந்து, அந்தக் கச்சை அழகாக இருக்கிறது, எப்படித் தைத்தது என்று விசாரித்தார். தாங்கள் காலில் போடும் தோல் சப்பாத்துகளின் அளவு வரைபடங்களைப் பிரதி எடுத்து வைத்திருப்பதாகவும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். படிவம் நிரப்பித் தரும்படியும், ஆறு வாரத்தில் பதில் வரும் என்றும் பிறேமினி அவருக்கு விளக்கினாள். அவர் சிரித்தார். பிறகு அது பகிடி இல்லை என்று விளங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

பத்து நாற்பதுக்கு ஜம்புநாதன் அணிவகுப்பைப் பார்வையிட்டார். மூக்குக் கண்ணாடி இல்லாததால் ஐஸ்கிறீம் வண்டிக்கு முன்னால் நின்ற வரிசையைக் கொஞ்ச நேரம் பார்வையிட்டு, “ஈட்டி எங்கே?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பியவர் செருப்பு வாரைக் கட்டக் குனிந்தார்.

ஒரு கிழிசல் சத்தம் கேட்டது. கழகத்திலேயே பழைய கச்சை அவருடையதுதான். முதல் ஆறில் ஒன்று. பதினான்கு வருடத்தில் சிவப்புத் துணி அப்படியே இருந்தது. அவருடைய இடுப்பு அப்படியே இருக்கவில்லை. இடவொட்டு நடுவால் பிளந்து, சட்டைத் துணி நார் நாராகிவிட்டது. கச்சை இரண்டு துண்டாக விழுந்தது. வேட்டியையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது.

பிறேமினி ஓடிப்போய்ச் சேஃப்டி பின் எடுத்து வந்தாள்.

“விதி இருபத்தொண்ணு” என்றார் ஜம்புநாதன், வேட்டியைப் பிடித்துக்கொண்டு. “சேஃப்டி பின்னுக்கு ஆதாரம் இல்ல.”

“விதியை எழுதினது நீங்கள்தானே டாக்டர்.”

“அதனாலதாம்மா மீற முடியாது.”

அவர் நாலா பக்கமும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே மங்கலாக ஒரு கம்பளிச் சட்டையும் அதில் ஒரு வெள்ளை அட்டையும் தெரிந்தன. கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார்.

“அம்மா, ஊசி நூல் இருக்கா?”

தவமலர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

“அம்மா?”

“சான்று பேசக் கூடாது டாக்டர்” என்றார் கிருஷ்ணராசா. “ரெண்டு சாட்சியும் வேணும்.”

மைதானத்தின் அந்தப் பக்கம் ஊர்வலத்துக்கான முதல் கொம்பு ஊதியது.

“அந்த உப விதியை நிறுத்தி வைக்கிறேன். பேசுங்கம்மா.”

“இவர் கொடி பிடிக்கட்டும்” என்றாள் தவமலர். “என்ர கச்சையோட. ஒட்டில்லாமல்.”

“அதுக்கு ஆதாரம்...”

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ்கிறீம் வண்டிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

“பிறேமினி, படிவம் குடு” என்று கத்தினார் ஜம்புநாதன். கத்தியதில் வேட்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. பிறேமினி படிவத்தைக் கொண்டுவந்து பிடிக்க, ஒரு கையால் பேனையை வாங்கினார். “ஆதாரம்னு போட்ட கட்டத்துல என்ன எழுதுறது?”

“நான்தான் ஆதாரம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மூ.சா. ஒண்டு. எழுதுங்கோ.”

எழுதிக் கையெழுத்திட்டார். கண்ணாடிப் பெட்டியைப் பிறேமினி திறந்தாள். கிருஷ்ணராசா கச்சையை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, கொடிக் கம்பைத் தோளில் சாய்த்து, வரிசையின் முன்னால் போய் நின்றார். கையைத் திருப்பி மணி பார்க்கப் போனவர், அது கூடாது என்பது நினைவு வந்து நிமிர்ந்தார்.

கூடாரத்தின் பின்பக்கம், கார்கள் நிற்கும் இடத்தில், ஜம்புநாதன் முதுகைக் காட்டியபடி இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். தவமலர் கண்ணாடியைப் போட்டு நூலைக் கோத்தாள். கணவரின் கச்சையில் வெட்டி மிஞ்சிய சிவப்புத் துண்டு ஒன்று பையில் இருந்தது. இடுப்பைச் சுற்றி அளந்து பார்த்தாள். திரும்பவும் அளந்தாள். இரண்டாவது கொம்பு ஊதியது.

“இது காணாது டாக்டர்” என்றாள். “துணி குறையுது.”

ஜம்புநாதன் திரும்பவில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு பிறேமினி எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டார்.

“எப்படியாவது ஒட்டுப் போட்டுடுங்கம்மா” என்றார் தாழ்ந்த குரலில். “அன்னிக்கும் அரை மீட்டர் கம்மியாத்தான் நான் வாங்கிட்டு வந்தேன்.”